கொன்தெரே: ஒரு வினைச்சொல்லும் உரோமப் பேரரசின் கருத்துநிலையும்

ஒரு செயலைச் செய்பவர் எவர், அச்செயலில் மறைக்கப்படுபவர் எவர் என்பதை வினைச்சொற்களின் ஆட்சியிலிருந்து உய்த்துணரலாம். கட்டுதல், நிறுவுதல் எனப் பொருள்படும் 'கொன்தெரே' என்னும் இலத்தீன் வினை இவ்வகையில் ஆராயத்தக்கது.

'ஒன்றுசேர்த்து வைத்தல்' என்பதே இவ்வினையின் அடிப்படைப் பொருள். தானியத்தைக் களஞ்சியத்திற் சேமித்தல், மறைத்தல், இறந்தோரை அடக்கம் செய்தல், வாளை உறையிலிடுதல், செய்யுள் இயற்றுதல், நகரை நிறுவுதல் ஆகிய யாவற்றுக்கும் உரோமர் இதனை ஆண்டனர்.

வேர்ஜிலின் (கி.மு. 70–19) 'ஈனியட்' காவியம் இப்பொருள்களை ஒன்றோடொன்று மோதவிடுகின்றது. முதலாம் காண்டத்தின் தொடக்கத்தில், காவியத் தலைவனான ஈனியாஸ் நகரொன்றை நிறுவுவதற்காகப் பட்ட இன்னல்களைக் கூறுமிடத்து இவ்வினை வருகின்றது. மூன்றாம், ஐந்தாம் காண்டங்களில் இதுவே இறந்தோரின் அடக்கத்தைக் குறிக்கின்றது. பன்னிரண்டாம் காண்டத்தின் இறுதியில், காயமுற்று இரந்துநின்ற தூர்னுஸின் மார்பில் ஈனியாஸ் வாளைப் பாய்ச்சுவதும் இவ்வினையாலேயே சொல்லப்படுகின்றது. வாளை உறையிலிட்டுப் போரை முடிப்பதற்குரிய சொல் இங்கு கொலையைச் சுட்டுகின்றது. பகைவனின் மார்பே உறையாகின்றது. காவியமும் அவ்விடத்திலேயே முடிவுறுகின்றது. நகர் எழுவதை நாம் காண்பதில்லை.

வேர்ஜிலை ஒகஸ்டஸின் புகழ்பாடியெனக் கூறி ஒதுக்குவது யாந்திரிகமான நோக்காகும். கி.மு. 42 இல் நிகழ்ந்த பிலிப்பிப் போரின் பின்னர், போர்வீரருக்கு வழங்கும்பொருட்டு இத்தாலியில் நிலங்கள் பறிக்கப்பட்டன. நிலமிழந்தோரின் துயர் அவரது ஆயர் பாடல்களிற் பதிவாகியுள்ளது. புதிய ஆட்சியின் அமைதி எதன்மீது எழுப்பப்பட்டது என்பதை அறிந்த கவிஞரின் சொல்லாட்சியாகவே காவியத்தின் இறுதிக் காட்சியை நாம் கொள்கின்றோம்.

ஆயின், அவ்வறிவின் வர்க்க எல்லையும் மனங்கொள்ளப்படல் வேண்டும். கி.மு. 28 இல் 82 கோவில்களைப் புதுப்பித்ததாக ஒகஸ்டஸ் தம் சாதனைக் கல்வெட்டில் தன்மை ஒருமையிற் கூறுகின்றார். கல் சுமந்தோர் அவ்வாக்கியத்தில் இல்லை. வேர்ஜிலின் காவியத்திலோ அவர்கள் முற்றாக இல்லாமற் போகவில்லை. கார்த்தேஜ் நகர் எழும் காட்சியில், மதில் எழுப்புவோரையும் கல் உருட்டுவோரையும் அவர் காட்டுகின்றார். எனினும், அவர்கள் தேனீக் கூட்டத்துக்கு ஒப்பிடப்படுகின்றனர். தனித்த முகம் எவருக்கும் இல்லை. உழைப்பு இயற்கையின் ஒழுங்காகிவிட, நிறுவுதல் தலைவர்க்குரிய செயலாக எஞ்சுகின்றது.

நிறுவுதலிற் கொல்லப்பட்டவனுக்குக் காவியம் பெயர் தந்தது; கட்டியவனுக்குத் தரவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்காத திறனாய்வு, காவியத்தின் மனிதாபிமானத்தை வியப்பதோடு நின்றுவிடும். அம்மனிதாபிமானம் எவரை உள்ளடக்கியது என்ற வினாவை எழுப்பாது.