கித்தாரும் நாட்டார் கைவழக்கும்

ஸ்பானிய அகராதியாசிரியர் கோவருபியாஸ் 1611ஆம் ஆண்டிலே கித்தாரை இழித்துரைத்தார். விகுவேலா என்னும் நுண்கருவியைப் பயில்வோர் அதனாற் குறைந்தனர் என்பதும், குதிரைலாயப் பணியாளரும் அதனை எளிதில் வாசிப்பர் என்பதும் அவர் கூறிய குறைகள். அவர் கண்டது உண்மையே. கொண்ட முடிபு பொருந்துமாறில்லை.

விகுவேலாவிலே விரல்கள் நரம்புகளைத் தேர்ந்து தெறிக்கும். அக்காலக் கித்தாரிலோ ஐந்து நிரை நரம்புகளையும் அவை மேலுங் கீழுமாக ஒருங்கே வருடும். 'ரஸ்கெயாதோ' எனப்படும் இவ்வருடலால், ஆடுவோர்க்குத் தாளமும் பாடுவோர்க்குப் பல சுரங்கள் இயைந்த சுரக்கூட்டும் ஒரே வீச்சிற் கிடைத்தன. 1583இல் மத்ரித்தில் தடைசெய்யப்பட்ட சரபாந்தா முதலிய பொதுமக்கள் ஆடல்கள் வேண்டிநின்றது இதனையே. ஆதலின் அவ்வெளிமையைத் தொழிலுக்கேற்ற தகைமையென்றே கொள்ளல் வேண்டும்.

அமாத் என்னும் மருத்துவர் சுரக்கூட்டுகளுக்கு எண்ணிட்டு 1596இல் இயற்றிய சிறுநூல் இவ்வழக்கைக் கற்பித்தது. 1674இல் ஸரகோசாவில் வெளிவந்த காஸ்பார் ஸான்ஸின் நூலோ வருடலையுந் தெறித்தலையும் ஒருங்கே விளக்கி, நாட்டார் ஆடல்களைக் கற்றோர் இசையோடு சேர்த்தது. பிளமேன்கோக் கலைஞர் கையில் அவ்வருடல் இன்றும் வளர்ந்துவருகின்றது. பலர்க்கும் எட்டியதென்பது பற்றி ஒரு கலையைத் தாழ்த்துதல் திறனாய்வாகாது.