சரிகை இல்லாத தொப்பி

அருங்காட்சியகத்தில் பழைய ராணுவத் தொப்பி வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பலரும் பத்து விநாடியில் கடந்துவிடுகிறார்கள். பெயர்ப்பலகையைப் படித்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு, பக்கத்துப் பெட்டியில் இருக்கும் வாளுக்குப் போய்விடுவார்கள். பாரிஸ் ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கும் நெப்போலியனின் தொப்பியும் முதல் பார்வையில் ஏமாற்றத்தான் செய்யும். கவிழ்த்துப் போட்ட தோணிபோல ஒரு கறுப்புத் தொப்பி, அவ்வளவுதானா என்று தோன்றும். அந்த ‘அவ்வளவுதானா’விலிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில் நேர் எதிரே வந்து நில்லுங்கள். இந்த இருமுனைத் தொப்பியை அக்காலத்து அதிகாரிகள் பலர் ஒரு முனை நெற்றிக்கு மேலும் மறுமுனை பிடரிக்கு மேலும் வரும்படி அணிந்தார்கள். நெப்போலியன் குறுக்காக வைத்துக்கொண்டார், இரண்டு முனையும் இரண்டு தோள்களைப் பார்த்தபடி. பீரங்கிப் புகைக்கு நடுவில், தூரத்தில், முகம் தெரியாத இடத்திலும் அந்த நிழலுருவம் தெரியும். அவர் களத்தில் நின்றாலே நாற்பதாயிரம் பேர் நிற்பதற்குச் சமம் என்று எதிரியான வெலிங்டனே மதிப்பிட்டார். அங்கே நிற்கிறார் என்று படைக்குச் சொன்னது இந்தத் தொப்பிதான்.

அடுத்து, அதில் இல்லாதவற்றைத் தேடுங்கள். சரிகை இல்லை, இறகு இல்லை, குஞ்சம் இல்லை. அவருடைய மார்ஷல்களின் தொப்பிகளில் இவை எல்லாமே உண்டு. குதிரைப்படைத் தளபதி ம்யூராவின் அலங்காரத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். கல்யாண வீட்டில் எல்லோரும் பட்டில் மினுங்கும்போது ஒருவர் மட்டும் வெள்ளை வேட்டியில் வந்து நின்றால் கண் யார் மேல் போகும்? சாம்பல் நிற மேலங்கியும் இந்த வெறும் தொப்பியும் அப்படித்தான் வேலை செய்தன. இதை எளிமை என்று புகழ்பவர்கள் உண்டு. எனக்கு இது நன்றாகக் கணக்குப் போட்ட எளிமையாகவே படுகிறது.

ஒரே அலங்காரம், கறுப்புப் பட்டு நாடாவில் மாட்டிய சின்ன மூவண்ண நாடாப்பூ. அதைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். 1814இல் அவர் வீழ்ந்ததும் மன்னராட்சி வெள்ளை நாடாப்பூவோடு திரும்பி வந்தது. 1815 மார்ச் 1 அன்று எல்பா தீவிலிருந்து தப்பி அவர் பிரான்ஸில் கரையிறங்கியபோது மூவண்ணமும் திரும்பியது. எந்த நிறத்தைக் குத்திக்கொள்கிறாய் என்பது அந்த மாதங்களில் உயிரைப் பணயம் வைக்கும் கேள்வி.

இனித் துணியை உற்றுப் பாருங்கள். நெய்த துணி அல்ல இது, பீவர் என்ற விலங்கின் ரோமத்தை அழுத்தி இறுக்கிய ஃபெல்ட். அந்த மென்ரோமத்தில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. ஈரமும் சூடும் பட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். (முயல் போன்ற மலிவான ரோமங்களைப் பாதரச உப்பில் பதப்படுத்தித் தொப்பி செய்தவர்களுக்குக் கை நடுக்கம் வந்தது, அந்தத் தொழிலின் சாபம் அது.) பீவர் ஃபெல்ட் மழையைத் தாங்கும், ஆனால் ஓரளவுக்குத்தான். 1813 ஆகஸ்டில் டிரெஸ்டன் போரில் கொட்டிய மழையில் பேரரசரின் தொப்பி விளிம்பே தொய்ந்து தொங்கிவிட்டது.

கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்க முடிந்தால் உள்பக்கத்தையும் பாருங்கள். அவருக்குத் தலை மிகவும் கூச்சமுள்ளது. அதனால் தொப்பிக்குள் பஞ்சு வைத்துத் தைக்கச் செய்ததாகவும், புதுத் தொப்பி இளகுவதற்காகத் தானே சில நாள் தன் அறையில் அதை அணிந்துகொண்டதாகவும் பணியாளர் கோன்ஸ்டான் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவை நடுங்கவைத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒரு வேலைக்காரர் அலமாரிகளுக்கு நடுவே உலாவுவதை நினைத்துப் பாருங்கள். எனக்கு இந்தத் தொப்பி பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான்.

புப்பார் என்ற பாரிஸ் தொப்பிக்காரரிடமிருந்து சுமார் 15 ஆண்டுகளில் ஏறத்தாழ 120 தொப்பிகள் அவருக்கு வந்தன. இன்று மிஞ்சியிருப்பவை இருபதுக்குப் பக்கம். அதனால்தான் ஒன்று ஏலத்துக்கு வந்தால் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாறு தொப்பியைவிட முக்கியமாகிவிடுகிறது. 2014இல் ஒரு தென்கொரியக் கோழி நிறுவனம் வாங்கிய தொப்பி, ஒருகாலத்தில் நெப்போலியனின் குதிரை வைத்தியரிடம் இருந்தது. 2023 நவம்பரில் இன்னொன்று 19 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. விலையைக் கேட்டு வாய் பிளப்பது ரசனையில் சேராது என்றாலும், நானும் பிளந்தேன்.

பழகிய கண்ணுக்கு ஒரு பயிற்சி: ஸ்டூபென் வரைந்த, எட்டுத் தொப்பிகளில் நெப்போலியனின் வாழ்க்கையைச் சொல்லும் ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். முகமே கிடையாது. தொப்பிகள் இருக்கும் நிலையை வைத்தே ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் படித்துவிடலாம்.

பிறகு மறுபடி பாரிஸுக்கு, 1807 பிப்ரவரியில் எய்லாவ் பனிக்களத்தில் அவர் அணிந்த தொப்பியிடம் வாருங்கள். அந்தப் போரை வரைவதற்காக ஓவியர் குரோவிடம் கொடுக்கப்பட்டு அவரிடமே தங்கிவிட்டது அது. 1840 டிசம்பரில் நெப்போலியனின் உடல் செயின்ட் ஹெலினாவிலிருந்து வந்து சேர்ந்தபோது, சவப்பெட்டியின் மேல் அதை வைத்தார்கள். உள்ளே, 1821இல் புதைக்கும்போதே கால்களின் மேல் வைத்த இன்னொரு தொப்பி இருந்தது.