திரையில் மயிலிட்டி: தமிழ் எழுத்துருவும் குறைந்த புள்ளிச் செறிவும்

ஓர் எழுத்துரு தமிழுக்கு ஏற்றதா எனச் சோதிக்க விரும்புவோர்க்கு ‘மயிலிட்டி’ என்னும் ஊர்ப்பெயரே போதும். ஐந்தெழுத்துள் மூன்று இகர உயிர்மெய். ஒன்று புள்ளி பெற்ற மெய். அங்குலத்துக்கு 96 பிக்சல் கொண்ட திரையில் இப்பெயரை 9 பொயின்ட் அளவில் இடின் கிடைக்கும் உயரம் 12 பிக்சலே. மேலே விசிறிக்கும் புள்ளிக்கும், கீழே உகரத்தின் இறக்கத்துக்கும் இடம் ஒதுக்கியபின் எழுத்துடலுக்கு ஆறோ ஏழோ எஞ்சும். ஈகாரக் குறியின் சிறுசுழி சுழியாகத் தெரிய மேற்கோடு, உள்வெளி, கீழ்க்கோடு என மூன்று வரிசையேனும் வேண்டும். உள்வெளி அடைபட்டால் ‘லி’ எது, ‘லீ’ எது என்பது வாசகனின் ஊகத்துக்கே விடப்படும்.

1991இல் வெளிவந்த ட்ரூடைப் முறையில் எழுத்தின் புறக்கோடு கணித வளைவாகச் சேமிக்கப்படும். வேண்டிய அளவுக்குப் பெருக்கவோ சுருக்கவோ இயலும். ஆயின், சுருங்கிய வளைவு பிக்சல் கட்டத்துள் ஒழுங்காகப் பொருந்துவதில்லை. ஒரே தடிப்புள்ள இரு கோடுகளுள் ஒன்று ஒரு பிக்சலாகவும் மற்றையது இரண்டாகவும் விழும். அதைத் திருத்தும் கட்டளைகளை எழுத்துருவிலேயே எழுதிவைப்பதே ஹின்டிங். அது எழுத்துக்கு எழுத்து செய்யப்படவேண்டிய உழைப்பு. உழைப்புக்குக் கூலி உண்டு. கூலியைச் சந்தையே தீர்மானிக்கின்றது. 1996இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட வெர்டானாவுக்கு மத்தியூ கார்ட்டர் முதலில் பிக்சல் வடிவங்களை வரைந்து, பின்னரே புறக்கோட்டை அமைத்தார். ரொம் ரிக்னர் ஹின்டிங் செய்தார். அச்செழுத்தைத் திரைக்குள் திணிக்காமல் திரையிலிருந்தே எழுத்தைப் பிறப்பித்த முறை இது. அதே பத்தாண்டில் தமிழுக்கு எழுத்துரு செய்தோருள் பலர் ஓய்வுநேரத்தில் உழைத்த ஆர்வலர். அவர்களைக் குறைகூறுதல் நன்றியன்று.

1998இல் அறிவிக்கப்பட்ட கிளியர்டைப் இக்குறையைத் தீர்த்துவிட்டதாகச் சொல்வோர் உளர். இக்கூற்று ஏற்கத்தக்கதன்று. பிக்சலின் செம்மை, பச்சை, நீலக் கூறுகளைத் தனித்தனியே பயன்படுத்தும் அம்முறை கிடைத்திசையில் மட்டுமே நுண்மையைக் கூட்டியது. ணகர னகர வேறுபாட்டுக்கு அது உதவியது உண்மை. ஆனால் புள்ளியும் விசிறியும் நிற்பது நிலைக்குத்துத் திசையிலன்றோ! உரோம எழுத்தின் தேவையே பொதுத்தேவையெனக் கொள்ளப்பட்டமைக்கு இது நல்ல சான்று.

இவ்விடர்ப்பாடு நமக்குப் புதிதன்று. ஏடெழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் இடுவதில்லை. எகர ஏகாரக் குறிகளைப் பிரித்தெழுதுவதுமில்லை. காலும் ரகரமும் ஒன்றாய்க் கிடந்தன. மயிலிட்டியைப் போலவே வலிகாமத்தைச் சேர்ந்த சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) முதலிய பதிப்பாசிரியர்கள் இம்மயக்கங்களிடையேதான் பாடந் தெளிந்தனர். அச்சு பிரித்துத் தந்தவற்றைத் தாழ்ந்த திரை மீண்டும் ஒன்றாக்கியது. ஏட்டை வாசித்தவன் பயிற்சி பெற்ற புலவன். திரையை வாசிப்பவனோ 1990இல் ஊரைவிட்டுப் பெயர்ந்து, அங்குள்ள நிலைமையை எங்கிருந்தோ அறியத் துடித்த கடற்றொழிலாளியின் மகன். அவனிடம் பாடபேத ஆராய்ச்சியை எதிர்பார்த்தல் முறையா?

செறிவுமிக்க திரைகள் வந்தபின் இவ்வாராய்ச்சி எதற்கு என்னும் வினா எழலாம். அத்திரைகளை வாங்க வசதியற்றோர் இன்றும் பழைய திரைகளையே பார்க்கின்றனர். அவர்கள் பொருட்டு, புள்ளி, இகர ஈகார விசிறிகள், கால் ஆகிய நான்கையேனும் 12 பிக்சல் கட்டத்தில் முதலில் வரைந்து, புறக்கோட்டைப் பின்னர் அமைக்கும் பணியைத் தமிழ்த்துறைகளும் கணினித்துறைகளும் கூடிச் செய்தல் வேண்டும். சோதனைச் சொல்லை முன்னரே தந்துள்ளேன்.