தாய்மை ஹார்மோன் என்ற சொல்

தமிழில் பால் சுரக்கிறது, அன்பும் சுரக்கிறது, ஹார்மோனும் சுரக்கிறது. மூன்றுக்கும் ஒரே வினைச்சொல். ஆக்ஸிடோசினைத் ‘தாய்மை ஹார்மோன்’ என்று எழுதுபவர்களுக்கு இந்த ஒற்றுமை வசதியாகிவிட்டது. ஆக்ஸிடோசின் என்ற பெயரோ ‘விரைந்த பேறு’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. கருப்பை சுருங்குவதைக் குறித்த பெயர் அது. பெண்ணின் குணத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஆண் உடலிலும் அது சுரக்கிறது.

1979இல் பெடர்சனும் பிரேஞ்சும் குட்டி ஈனாத பெண் எலிகளின் மூளைக்குள் ஆக்ஸிடோசினைச் செலுத்தினார்கள். பல எலிகள் தாம் ஈனாத குட்டிகளைக் கவ்விவந்து கூட்டில் சேர்த்தன, நக்கிக்கொடுத்தன. எல்லோரும் எடுத்துச் சொல்லும் பாதி இது. சூலகம் நீக்கப்பட்ட எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜனை முன்பே கொடுத்திருந்தால்தான் அந்த விளைவு தெரிந்தது என்பது மறுபாதி. டோபமினுக்கும் இதில் பங்குண்டு. அதன் செயலைத் தடுத்தால் தாய் எலி குட்டிகளைத் தேடிக் கவ்விவருவதில் தளர்கிறது, பாலூட்டுவதை நிறுத்துவதில்லை. எலியிடம்கூடத் தாய்மை ஒற்றைக் குணமாக இல்லை.

அதற்கும் முன்பே, 1967இல், ரோசன்பிளாட் குட்டி ஈனாத பெண் எலிகளையும் ஆண் எலிகளையும் குட்டிகளோடு நாள்தோறும் விட்டுவைத்தார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவை குட்டிகளைப் பேணத் தொடங்கின. சூலகமோ பிட்யூட்டரியோ நீக்கப்பட்டவையும் அப்படியே. பேறுகால ஹார்மோன்கள் தாயைச் சட்டென்று ஆயத்தப்படுத்துகின்றன. அவை இல்லாத இடத்தில் அருகிருத்தல் மெல்ல அதைச் செய்கிறது.

வட அமெரிக்கப் புல்வெளிகளில் வோல் என்ற எலி போன்ற சிறு விலங்கு இணைபிரியாமல் வாழும். அந்தப் பிணைப்புக்கு ஆக்ஸிடோசினே காரணம் என்று பல ஆண்டுகள் எழுதப்பட்டது. 2023இல் வெளியான ஆய்வில், ஆக்ஸிடோசினை உணரும் ஏற்பியே இல்லாமல் பிறக்கவைத்த வோல்களும் இணை சேர்ந்தன, ஈன்றன, பாலூட்டின. பால்குடி மறக்கும்வரை பிழைத்த குட்டிகள் குறைவு என்பதும் உண்மை. ஆக்ஸிடோசின் தேவையற்றதல்ல, தனியொரு காரணமுமல்ல.

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், குழந்தையைப் பார்த்து எதுவும் தோன்றாமல் படுத்திருக்கும் பெண்ணை அந்த ஒற்றைச் சொல் குற்றவாளியாக்குகிறது. இயற்கையாகச் சுரக்க வேண்டியது அவளிடம் சுரக்கவில்லையாம். பிள்ளையைத் தூக்காத கணவனிடம் எந்த ஹார்மோனைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை.

எலியிலிருந்து பெண்ணுக்கு நேர்வழி கிடையாது. ஆனாலும் எலியைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அதன் சாட்சியத்தை முழுதாகக் கேட்கட்டும். ஆண் எலிக்கும் ஒரு வாரம் குட்டிகளோடு இருந்ததே போதுமாயிருந்தது.