வாயுள்ள பிள்ளை

ஆற்றில் ஒரு தோணி போகிறது. ஒருவன் தோணியை வலிக்கிறான். முன்னால் இருப்பவன் தூண்டில் போடுகிறான். முள்ளில் அவன் கோத்திருக்கும் இரை ஒரு குஞ்சு மீன். பொடிமீனைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். புத்தளத்துக்கு எதிர்க்கரையில் உள்ள எங்கள் பக்கத்து எத்தாளையில் களப்பை நம்பிப் பிழைப்பவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால், வாளையும் வேலையும் விட்டுவிட்டு முதலில் இந்த இரையைப் பற்றித்தான் பேசுவார்கள். 1180களில் கிரெத்தியன் தெ த்ருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர் எழுதத் தொடங்கி, முடிக்காமலே விட்டுப்போன 'பேர்சிவல்' கதையில் வரும் காட்சி இது. தூண்டில் போடுபவன் ஒரு மன்னன். தொடையில் ஈட்டி பாய்ந்ததால் குதிரை ஏற முடியாது, வேட்டைக்குப் போக முடியாது. பொழுது போவதற்கு அவனுக்கு எஞ்சியது மீன்பிடிதான். மன்னனைத் தோணியில் உட்காரவைத்ததற்கு ஒரு நியாயம் காட்டி, இரையின் அளவையும் குறித்துவைத்த அந்தக் கண்ணுக்காகவே கிரெத்தியனைப் படிக்கலாம்.

பேர்சிவல் காட்டில் தாயோடு வளர்ந்த பையன். குதிரைவீரர்களை முதன்முதல் காணும்போது, கவசத்தின் பளபளப்பில் மயங்கி, வந்தவர்கள் வானதூதர்கள் என்றே நினைக்கிறான். அவர்கள் அவ்வழியே போனவர்களைப் பற்றி அவசரமாக விசாரிக்கிறார்கள். இவனோ பதில் சொல்லாமல் இது என்ன, அது எதற்கு என்று ஈட்டியையும் கேடயத்தையும் தொட்டுத்தொட்டுக் கேட்கிறான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அப்படி ஒரு பிள்ளை. பிறகு ஒரு பெரியவர் அவனுக்கு நாகரிகம் கற்பிக்கிறார்: அதிகம் பேசாதே. அந்தப் புத்திமதிதான் வினையாகிறது. மீன்பிடி மன்னனின் மாளிகையில், நுனியிலிருந்து இரத்தத் துளி வழியும் வெண்ணிற ஈட்டியை ஒருவன் ஏந்திப் போகிறான். பொன் கலத்தை ஒரு பெண் ஏந்திப் போகிறாள். ஒவ்வொரு பந்திக்கும் கலம் அவன் முன்னால் கடந்து போகிறது. யாருக்கு இது என்று கேட்க நாக்கு துடிக்கிறது. நாளைக்குக் கேட்போம் என்று இருந்துவிடுகிறான். விடிந்தால் மாளிகையில் ஈ காக்கை இல்லை. கேட்டிருந்தால் மன்னனின் புண் ஆறியிருக்கும் என்பது பிறகுதான் தெரியவருகிறது. முதலில் அத்தனை கேள்விகளைக் கேட்கவைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியில் ஊமையாக்கியதுதான் கிரெத்தியனின் கைவண்ணம்.

பேர்சிவல் என்ற பெயரைத் தாங்கிய இருவர் நம் பக்கம் வந்தார்கள். அவர்கள் வாயும் கண்ணும் திறந்தே இருந்தன. கப்டன் றொபேட் பேர்சிவல் பிரிட்டிஷ் படையோடு வந்தவர். 1803இல் இலங்கையைப் பற்றி லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். கோட்டை, படை, முத்துக்குளிப்பு எல்லாம் பேசும் அந்த நூலில், களப்புக்கு அக்கரையில் உள்ள புத்தளத்துக்கு வந்ததும் அவர் உப்பளத்தைப் பார்க்கிறார். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே நாட்டுக்கு உப்புத் தந்த இடம் இது என்றும், ஒல்லாந்தர் கண்டி அரசனுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட உப்பு இங்கேதான் விளைந்தது என்றும் எழுதுகிறார். மலைநாட்டு இராச்சியத்தின் குடுமி கடற்கரைப் பாத்தியில் சிக்கியிருந்ததைப் பட்டாளத்துக் கண் தப்பவிடவில்லை. அவருடைய தோரணையில் வெற்றிகொண்டவரின் மிடுக்கு நிறைய உண்டு. அதைத் தள்ளிவைத்துப் படிக்க வேண்டும்.

அந்த நூல் வெளிவந்த அதே 1803இல் பிறந்தவர் பீற்றர் பேர்சிவல். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாதிரியாராக இருந்து, ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். நாவலரோ நெற்றியில் நீறு அழியாத சைவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவரும் அவரேதான். இருவரும் ஒரே மேசையில் ஒரு வினைமுற்றுக்காக மல்லுக்கட்டியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே ஒரு சுகம். பின்பு சென்னைக்குப் போன பேர்சிவல் 1855இல் 'தினவர்த்தமானி' பத்திரிகையைத் தொடங்கினார். சி. வை. தாமோதரம்பிள்ளை அதில் ஆசிரியராக இருந்தார்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் படுவது அவருடைய பழமொழித் தொகுப்புத்தான். 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேல், ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பொருளோடு. திண்ணையிலும் கிணற்றடியிலும் அள்ளித் தெளிக்கிற பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்டு எழுதியிருக்கிறார். அகரவரிசையில் அடுக்கியதில் ஒரு வேடிக்கை உண்டு. அறத்தையும் அங்கதத்தையும் அது பிரித்துவைப்பதில்லை. உகரத்துக்கு வந்தால் உப்பும் உரலும் உலக்கையும் உறவும் ஒரே பந்தியில் உட்காரும். பொருள்வாரியாக அடுக்கியிருந்தால் இந்தச் சுவை கெட்டிருக்கும்.

பீற்றர் பேர்சிவல் மறைந்தது 1882இல். அதே ஆண்டுதான் ஜெர்மனியின் பைரொய்த் நகரில், பேர்சிவல் கதையைச் சொல்லும் வாக்னரின் 'பார்சிபால்' இசைநாடகம் அரங்கேறியது. அந்த இசை பெரிது, மறுக்கவில்லை. ஆனால் வாக்னரின் மன்னன் தூண்டில் போடுவதில்லை. புண்ணின் எரிவைத் தணிக்க ஏரியில் குளிக்கப் போகிறான். புனிதம் ஏறிவிட்டது, குஞ்சு மீன் போய்விட்டது.

பிரெஞ்சு இயக்குநர் எரிக் ரோமர் கிரெத்தியனின் கதையை வைத்து 1978இல் எடுத்த படம் எனக்கு அதைவிட நெருக்கம். முழுக்க அரங்குக்குள்ளேயே எடுத்தது. மரங்கள் உலோகத்தில் செய்தவை. பக்கத்தில் ஒரு பாட்டுக்குழு நின்று கதையைப் பாடும். நடிகர்கள் தங்களைப் பற்றித் தாங்களே படர்க்கையில் சொல்லிக்கொண்டு நடிப்பார்கள். இன்னான் வந்தான், இன்னது செய்தான் என்று பாத்திரமே வரவு சொல்லும் நாட்டுக்கூத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதுமையாகவே தெரியாது. பனியில் விழுந்த மூன்று இரத்தத் துளிகளைப் பார்த்து, வெள்ளையும் சிவப்பும் கலந்த தன் காதலியின் முகத்தில் பேர்சிவல் மூழ்கிப்போகும் இடமும் படத்தில் உண்டு. முடிவில் ரோமர் ஒரு திருப்பாடுகளின் நாடகத்தையே நுழைத்து, நாயகனைச் சிலுவையில் ஏற்றுகிறார். பாரிஸில் இதைக் கண்டு புருவம் உயர்த்தியவர்கள் இருக்கலாம். நீர்கொழும்பு தூவாவில் பாஸ்கு என்னும் திருப்பாடுகளின் நாடகத்தைப் பார்த்தவர்கள் உயர்த்தமாட்டார்கள்.