ஏழு செகண்டுகள்

2024 ஏப்ரல் 19. காலை ஏழரைக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் பேட்டை பள்ளிக்கூடத்தில் முக்கால் மணி வரிசையில் நின்று, விரலில் மை வாங்கிக்கொண்டு, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் நீல பட்டனை அழுத்தினேன். பக்கத்துப் பெட்டியின் குட்டி ஜன்னலில் விளக்கு எரிந்து ஒரு துண்டுக் காகிதம் எட்டிப் பார்த்தது. அதில் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் எல்லாம் அச்சாகியிருக்கும். படிக்கும் கண்ணாடி சட்டைப் பையில். எடுத்து, பிரித்து, மாட்டுவதற்குள் காகிதம் உள்ளே விழுந்து 'பீப்' என்றது. ஏழு செகண்டுதான் தருகிறார்கள்.

நான் யாருக்குப் போட்டேன் என்பது எனக்குத் தெரியும். மிஷின் யாருக்குப் போட்டது என்பதைத்தான் படிக்கவில்லை.

தப்பு என் மேல். ஆனால் அந்தத் துண்டுக் காகிதம் சும்மா வந்துவிடவில்லை. அதன் பூர்வ கதை உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

1982-ல் கேரளத்தில் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதல்முதலாக மின்னணு இயந்திரம் வைத்தார்கள். சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்றவர் கோர்ட்டுக்குப் போனார். 1984-ல் சுப்ரீம் கோர்ட் அந்த 50 சாவடிகளின் தேர்தலை ரத்து செய்தது. இயந்திரம் தப்பாக எண்ணியது என்பதால் அல்ல. சட்டத்தில் இயந்திரம் என்ற வார்த்தையே இல்லை என்பதால். மறுபடி காகிதச் சீட்டில் ஓட்டுப் போட்டதில் முடிவு தலைகீழ். அப்புறம் சட்டத்தைத் திருத்தி, 2001-ல் தமிழக சட்டமன்றத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில் நடந்து, 2004-ல் நாடாளுமன்றத் தேர்தல் முழுக்க வந்துவிட்டது. 2013-ல் 'காகித சாட்சி அவசியம்' என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு இந்த வி.வி.பேட் பெட்டி படிப்படியாகப் பரவியது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் வைத்தார்கள்.

இந்த இயந்திரத்தைத் திட்டாத பெரிய கட்சி கிடையாது. 2010-ல் இதைச் சந்தேகித்து பா.ஜ.க.வின் ஜி.வி.எல். நரசிம்மராவ் ஒரு புத்தகமே எழுதினார், அத்வானி முன்னுரை. அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். 2018-ல் பழைய காகிதச் சீட்டுக்கே திரும்பவேண்டும் என்று காங்கிரஸ் மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது பா.ஜ.க. இயந்திரம் அப்படியே இருக்கிறது, நாற்காலிகள்தான் மாறுகின்றன.

டீக்கடையிலிருந்து டெலிவிஷன் வரை எல்லோரும் கேட்கும் கேள்வி, 'இதை ஹேக் பண்ண முடியுமா, முடியாதா?' என்னைக் கேட்டால் இது பாதிக் கேள்வி. 2010-ல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்ரைப் மூவரும் சகாக்களுடன் ஒரு இந்திய இயந்திரத்தைத் திறந்து, உள்ளே ஒரு திருட்டு டிஸ்ப்ளேயைப் பொருத்திக் காட்டினார்கள். இயந்திரம் கையில் கிடைத்தால் முடியும் என்றார்கள். தேர்தல் கமிஷன், 'கையில் கிடைக்காது, சீல் இருக்கிறது, எந்த நெட்வொர்க்கிலும் இணைப்பில்லை' என்றது. இரண்டு பேரும் சொன்னது நிஜம். அதனால்தான் இந்த விவாதம் முடிகிற வழியாக இல்லை.

சரியான கேள்வியைக் கேட்டது ஜெர்மனி. அதற்கு முன்கதை உண்டு. 2006-ல் ஹாலந்தில் கோங்ரைப் கோஷ்டி அந்த ஊர் ஓட்டு இயந்திரத்தை செஸ் விளையாட வைத்துக் காட்டி மானத்தை வாங்கியது. அதே கம்பெனி இயந்திரத்தைத்தான் ஜெர்மனி 2005 தேர்தலில் பயன்படுத்தியிருந்தது. 2009 மார்ச்சில் அந்த நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், அப்படிப் பயன்படுத்தியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. மோசடி நடந்தது என்று நீதிபதிகள் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் ஞானம் எதுவும் இல்லாத ஒரு சாதாரணப் பிரஜை, தேர்தலின் முக்கியமான கட்டங்களைத் தானே பார்த்துச் சரிபார்க்க முடியவேண்டும், அவ்வளவுதான் என்றார்கள்.

நிபுணர் படித்துவிட்டு 'ஓகே' என்றால் போதாதா? போதாது. யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கென் தாம்ஸன், ட்யூரிங் விருது வாங்கியபோது ஆற்றிய உரையில் ஒரு குண்டு போட்டார். புரோகிராமை வரிக்கு வரி படித்து, களங்கமே இல்லை என்று முடிவு கட்டினாலும், அதை மொழிபெயர்க்கும் கம்பைலருக்குள் திருடன் ஒளிந்திருக்கலாம். முழுக்க நீங்களே எழுதாத புரோகிராமை முழுக்க நம்புவதற்கு வழியில்லை. எனவே, கடைசியில் மனிதக் கண்ணால் படிக்கக்கூடிய ஏதாவது ஒன்று வேண்டும். அந்த ஏழு செகண்டு காகிதத்தின் தாத்பரியம் இதுதான்.

*

இதை நம் ஆள் ஒருவர் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே யோசித்துவிட்டார். காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வருஷம் 919, 921. குடவோலை என்றதும் நாம் மார்தட்டிக்கொள்கிறோம். அது இன்றைய அர்த்தத்தில் ஓட்டு இல்லை, குலுக்கல். சொத்தும் வேதப் படிப்பும் உள்ள பிராமண சபையாருக்குள் மட்டும் நடந்தது. அதை மறைக்கவேண்டாம். நான் வியப்பது அதன் செக்யூரிட்டியை.

குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டவேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கவேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்கவேண்டும். (விரலிடுக்கில் வேறு ஓலை இருந்தால் விழுந்துவிடும்!) அவர் உரக்கப் படிக்கவேண்டும். அவர் படித்தால் போதாது. அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையைப் படிக்கவேண்டும். அப்புறம்தான் அந்தப் பெயர் செல்லும்.

என்கிரிப்ஷன் இல்லை, பாஸ்வேர்டு இல்லை. விரித்த கையும் பல பேர் படிப்பதும்தான் பாதுகாப்பு.

இது நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்கு எப்படிப் பொருந்தும்? 1951 கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் 'இவர்களுக்கு எதற்கு ஓட்டு?' என்று கேட்கவில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, மேலே சின்னத்தை ஒட்டினார். எழுத்துத் தெரியாதவரும் படிக்கும்படி தேர்தலை மாற்றியமைத்தார். அப்படியும் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி, இன்னார் மகள்' என்று எழுதவைத்த சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பெட்டியைத் திருடாமல், சீட்டைக் கிழிக்காமல், பட்டியலிலேயே 28 லட்சம் ஓட்டு போய்விட்டது. 2025 கடைசியில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது, அதைப் பற்றி எனக்கு வந்த வாட்ஸப் பார்வர்டுகளை எண்ணி மாளாது. அனுப்பியவர்களில் எத்தனை பேர் பட்டியலில் தம் பெயரைத் தேடிப் படித்தீர்கள்? கை தூக்குங்கள்.

படிக்க வசதியில்லாமல் ஒரு தேர்தலே திசை மாறியிருக்கிறது. 2000-ல் அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலம், பாம் பீச் கவுன்ட்டி. ஓட்டுச் சீட்டில் பெயர்களை இரண்டு பக்கமும் அச்சடித்து நடுவில் துளைகள் வைத்தார்கள். இடது பக்கத்தில் இரண்டாவதாக இருந்த அல் கோருக்குப் போட மூன்றாவது துளையைக் குத்தவேண்டும். இரண்டாவதைக் குத்தினால் பாட் புக்கானன். அவருக்கு அங்கே 3,400-க்கு மேல் விழுந்தது. 'இதில் பல எனக்கு விழுந்திருக்க முடியாது' என்று அவரே ஒப்புக்கொண்டார். மாநிலம் முழுதும் புஷ் ஜெயித்த வித்தியாசம் 537. அமெரிக்க ஜனாதிபதியைத் தீர்மானித்ததில் எந்த ஹேக்கரையும்விட, அந்தச் சீட்டை வடிவமைத்தவருக்கு அதிகப் பங்கு.

2016-ல் ஹேக்கர்களே வந்தார்கள். ஹிலாரி கிளின்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, கூகுள் அனுப்பியதுபோல் ஒரு மெயில். 'உங்கள் பாஸ்வேர்டு பறிபோய்விட்டது, உடனே மாற்றவும்.' சந்தேகப்பட்டு உதவியாளரைக் கேட்டார்கள். அவர் 'இது நிஜமான மெயில்' என்று பதில் எழுதினார். 'நிஜமல்ல' என்று எழுத நினைத்தேன், எழுத்து விட்டுப்போயிற்று என்றார் பிற்பாடு. கூடவே கூகுளின் சரியான முகவரியையும் கொடுத்திருந்தார். அதை விட்டுவிட்டு மெயிலில் இருந்த சுட்டியை அழுத்தினார்கள். அக்டோபரில் விக்கிலீக்ஸில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் சந்தி சிரித்தன. எழுதியவர் எழுதியதைத் திருப்பிப் படிக்கவில்லை. வாங்கியவர் முழுக்கப் படிக்கவில்லை.

*

அமெரிக்கா எதற்கு, எங்கள் மூன்றாவது மாடிக்கு வாருங்கள். அங்கே ஒரு ரிட்டயர்ட் தமிழாசிரியர். நாங்கள் 'வாத்தியார்' என்போம். 'கேள்வியை ரெண்டு தடவை படிடா, அப்புறம் பதில் எழுது' என்று முப்பது வருஷம் பையன்களின் காதைத் திருகியவர். ஒரு நாள் சாயங்காலம் போன். 'சார், உங்க கரன்ட் பில் அப்டேட் ஆகலை, ராத்திரி ஒன்பதரைக்கு லைன் கட் ஆயிடும், ஒரு நம்பர் வரும், சொல்லுங்க.' வந்தது, சொன்னார். 38,500 ரூபாய் போயிற்று.

மறுநாள் அந்த எஸ்.எம்.எஸ்.ஸை என்னிடம் காட்டினார். ஆறு இலக்க எண். அதை அடுத்து, இது 38,500 ரூபாய் செலுத்துவதற்கானது என்று ஒரு வரி. அதற்கடுத்து, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒரு வரி. எல்லாம் இங்கிலீஷில். இங்கிலீஷ் அவருக்கு நன்றாகவே தெரியும்.

'நம்பரை மட்டும் படிச்சேன் சார்' என்றார். பணம் போனதைவிட அதுதான் அவரை வாட்டியது. 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்ததில் கொஞ்சம் பணத்தை நிறுத்திவைக்க முடிந்தது. பையனிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பத்து நாள் வாக்கிங் வரவில்லை.

அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, ஏனெனில் நானும் அதே ஜாதி. 'விதிமுறைகளைப் படித்தேன், சம்மதிக்கிறேன்' என்று தினம் பொய் சொல்கிறேன். நீங்களும்தான். 2010 ஏப்ரல் ஒன்றாம் தேதி இங்கிலாந்தில் கேம்ஸ்டேஷன் என்ற கடை, தன் இணைய விதிமுறைகளில் 'வாங்குகிறவர் தம் ஆத்மாவை எங்களுக்கு எழுதிக்கொடுக்கிறார்' என்று ஒரு வரி சேர்த்தது. விருப்பமில்லாதவர் ஒரு இடத்தில் அழுத்தினால் ஐந்து பவுண்டு கூப்பன். சுமார் 7,500 பேர் ஆத்மாவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சிரிக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். 1951-ல் படிக்கத் தெரியாதவருக்காகச் சின்னம் வரைந்தார்கள். இன்று படிக்கத் தெரிந்தவரும் படிக்காமல் விட்டுவிடும்படி, இரண்டாவது வரியைப் பொடி எழுத்தில், இங்கிலீஷில், நாற்பது பக்கத்தில் ஒளித்துவைக்கிறார்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் கேட்டுப் பெறலாம் என்கிறது. நல்லதுதான். தமிழில் வந்தால் படிப்போமா என்பது அடுத்த கேள்வி.

படிக்கும் வழக்கமே போய்விட்டது என்று புலம்புகிறார்களே, அதை நான் நம்பவில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் செல்போனில் எதையாவது படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். செத்துப்போனது இரண்டாவது வரியைப் படிக்கும் பழக்கம். கதை படிப்பது எதற்கு உதவும் என்று கேட்கும் இளைஞர்களுக்கு என் பதில் இதுதான். நல்ல துப்பறியும் கதை நாலு படித்தவன், 'இதை யார் சொல்கிறான், ஏன் என்னிடம் சொல்கிறான், ஏன் அவசரப்படுத்துகிறான்?' என்று கேட்கப் பழகியிருப்பான். போனில் வரும் திருடனுக்கு இந்த மூன்று கேள்விகளும் ஆகாது. அவனுக்கு வேண்டியது உங்கள் அவசரம் மட்டுமே.

போன வாரம் லிஃப்டில் வாத்தியாரைப் பார்த்தேன். முகத்தில் பழைய களை. மறுபடி ஒரு போன் வந்ததாம், மறுபடி ஒரு நம்பர்.

'படிக்கிறேன்ப்பா, கேட்டுக்கோன்னேன். நம்பரை விட்டுட்டு ரெண்டாவது வரியிலேருந்து ஆரம்பிச்சேன். எத்தனை ரூபாய்க்குன்னு படிச்சேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கே, இதுக்கு என்னப்பா அர்த்தம்னு கேட்டேன்.'

'என்ன சொன்னான்?'

'வெச்சுட்டான். என் கிளாஸ்ல இப்படித்தான், அர்த்தம் கேட்டா ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டான்.'

அடுத்த தேர்தலுக்கு நான் வரிசையில் நிற்கும்போதே கண்ணாடியை மாட்டிக்கொண்டுவிடுவேன்.