எழுத்துக் கூட்டலும் தரை கூட்டலும்

எங்கள் காலனியில் சாயங்காலம் ஆறு மணிக்கு நடக்கிற படிப்பகத்துக்கு இருபது, இருபத்திரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். முக்கால்வாசிப் பேர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு. அவர்களுக்காக ஒரு அட்டைப்பெட்டி நிறையக் குட்டிக் கதைப் புத்தகங்கள் நன்கொடையாக வந்தன. பக்கத்துக்கு ஒரு வரி, மிஞ்சினால் மூன்று வரி. பெரிய எழுத்து, பக்கம் நிறையப் படம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை யார் துணையும் இல்லாமல் ஒரு கதையைத் தானே முடித்துவிடலாம். அப்படி முடித்துவிட்டு நிமிர்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தவன் நான். எனக்கு இந்தப் புத்தகங்கள் மேல் விரோதம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவற்றில் பாதிக்கு மேல் வகுப்பறைக் கதைகள். முதல் நாள் பள்ளிக்கூடம் போக அழுகிற பிள்ளை, தொலைந்துபோன பென்சில், பல் விழுந்த பையன், டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்கிற ரகசியம், டீச்சர் வராத ஒருநாள். எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். சின்ன விஷயங்களை எழுதுவது லேசான காரியமில்லை.

ஒருநாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்தாள். அவள் கையில் இருந்த கதையில் வகுப்புக்கு வேலை பிரிக்கிறார்கள். ஒருத்தி செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். ஒருவன் கரும்பலகை துடைக்கிறான். ஒருவன் மணி அடிக்கிறான். இன்னொருத்தி குடிக்கத் தண்ணீர் கொண்டு வருகிறாள். கடைசிப் பக்கத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அவள் கேட்டாள்:

“இதுல கூட்டுறது யாரு பெரியப்பா?”

நானும் புரட்டிப் பார்த்தேன். யாரும் கூட்டவில்லை, துடைப்பமே இல்லை. “யாரும் கூட்டலியேம்மா” என்றேன்.

“தர சுத்தமா இருக்குல்ல? அப்ப யாரோ கூட்டியிருக்காங்க. அவங்களப் படத்துல போடல.”

இலக்கிய விமர்சனம் என்ற பெயரில் முப்பது வருஷமாக எதையெதையோ படித்துவருகிறேன். ஒரு பிரதியின் மௌனத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

அவளுக்கு அது தெரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் தெரியும். 1984-இல் நான் இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் ஊர்த்தெருவில். சேரியிலிருந்து நாங்கள் ஆறு பேர். காலையில் மணி அடிப்பதற்கு முன்னாலேயே போய் ரெண்டு அறையும் வராந்தாவும் கூட்ட வேண்டும், வாசலில் தண்ணி தெளிக்க வேண்டும். அந்தத் தண்ணியை நாங்கள் எடுக்கலாம். குடிக்கிற பானைக்குத் தண்ணி எடுக்க ஊர்த்தெருப் பிள்ளைகள் ரெண்டு பேர் போவார்கள். இது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. வாத்தியார் ஒருநாளும் சாதி பேர் சொல்லித் திட்டியதில்லை, அடிக்கக்கூட மாட்டார். “நீங்க கூட்டுங்கடா, நீங்க தண்ணி கொண்டாங்கடா” என்பார், அவ்வளவுதான். எந்த ‘நீங்க’ யாருக்கு என்று எட்டு வயசுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ‘கூட்டு’ என்ற சொல் எங்களுக்கு முதலில் துடைப்பமாகத்தான் வந்தது. எழுத்துக் கூட்டுவதெல்லாம் அதற்கப்புறம்.

‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்பவர்களுக்காக ஒன்றிரண்டு சொல்கிறேன். 1995-இல் சேலம் மாவட்டத்தில், ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று வைத்திருந்த பானையில் தண்ணீர் குடித்ததற்காக ஒரு தலித் சிறுமியை ஆசிரியர் அடித்ததில் அவளுக்கு ஒரு கண்ணில் பார்வை போனது. 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் வந்து தலைமை ஆசிரியை கைதானார். இரண்டுமே வேலை பிரிக்கும் கதைகள்தான். ஒன்று குடிதண்ணீரைப் பற்றியது, மற்றது கழுவுகிற தண்ணீரைப் பற்றியது.

குழந்தைகளுக்கு எழுதுகிற நண்பர் ஒருவரிடம் இதைப் பேசினேன். நல்லவர், உண்மையிலேயே அக்கறை உள்ளவர். அவர் சொன்னார்: “இது எளிய வாசிப்புப் புத்தகம் தோழர். அந்த வயசுக்கு இதெல்லாம் கடினம். கொஞ்சம் வளரட்டுமே.”

கடினம் என்று எதைச் சொல்கிறோம்? இந்தப் புத்தகங்களைப் படிநிலை பிரித்துத்தான் போடுகிறார்கள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் முதல் படிக் கதைக்கு 250 சொல் வரை, இரண்டாம் படிக்கு 600 வரை என்று அளவு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று அழகான பெயர்கள். சொல்லின் நீளம், வாக்கியத்தின் நீளம், கூட்டெழுத்து எத்தனை என்றெல்லாம் பார்த்து அளக்கிறார்கள். நல்லது, அந்த அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். ‘தள்ளி’ மூன்று எழுத்து. ‘தொடாதே’ மூன்று எழுத்து. ‘ஊத்து’, ‘கூட்டு’, ‘கழுவு’ எல்லாம் மூன்று எழுத்து. ‘கீழே உட்கார்’ என்பது இரண்டே சொல் வாக்கியம். சாதி வகுப்பறையில் பேசுகிற தமிழ் தமிழிலேயே எளிய தமிழ். முதல் படிக்குத் தாராளமாகப் பொருந்தும்.

கடினமான தமிழ் இந்தப் புத்தகங்களுக்குள்தான் இருக்கிறது. ‘மீனா மதிய உணவு உண்டாள்’ என்று ஒரு வரி. எங்கள் பொடியன் ஒருவன் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, “உண்டாள்னா யாரு, அவங்க அக்காவா?” என்று கேட்டான். அவன் வீட்டில் யாரும் உண்பதில்லை, சோறு தின்கிறார்கள். ‘சோறு’ என்று போட்டால் பண்பாடு கெட்டுவிடும் என்று ஒரு பயம். அந்த டிபன் பாக்ஸுக்குள் இட்லி, தயிர்சாதம், சப்பாத்தி, எலுமிச்சைச் சாதம் எல்லாம் வருகின்றன. கருவாடு வந்து நான் பார்க்கவில்லை. மாட்டுக்கறியைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. அதைவிட முக்கியம், எங்கள் பிள்ளைகளில் பலருக்கு டிபன் பாக்ஸே கிடையாது, தட்டுதான். 1982-இல் சத்துணவு வந்ததிலிருந்து எங்கள் பள்ளிக்கூட நாளின் நடுமையம் அந்தத் தட்டு. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வரிசையில் எத்தனை கதை இருக்கிறது! சமைக்கிறவர் யார் என்பதிலும் கதை இருக்கிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஊர் திரண்டது. 2022-இல் காலை உணவுத் திட்டம் வந்தது, அடுத்த வருஷமே கரூர் மாவட்டத்தில் அதே தகராறு, கலெக்டர் நேரில் போக வேண்டியதாயிற்று. பெற்றோர் “அங்க சாப்பிடாத” என்று சொல்லி அனுப்பிய அந்தப் பிள்ளைகளின் வயசு என்ன? ஐந்து, ஆறு, ஏழு. சாதி தெரியாத வயசு என்று நாம் யாரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம்?

சரி, எளிமையாகச் சொல்ல முடியுமா என்றால் முடியும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. அதில் மூன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகிறாள். பத்து நிமிஷ தூரம். வழியெல்லாம் வேடிக்கை பார்த்து வர அரைமணிக்கு மேல் ஆகிறது. தெருவுக்குள் நுழைகிறபோது அவள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுப்பதைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிப்பாக அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுபோகிறது. ஒரு பொட்டலம், ஒரு நூல், ஒரு சிரிப்பு, ஒரு கேள்வி. இதற்கு எத்தனை சொல் வேண்டும்? அம்பேத்கர் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ அவர் இறந்து பல வருஷங்களுக்குப் பிறகு 1990-இல்தான் சிறு நூலாக வந்தது. அதில் ஒரு சாக்குத் துணி வருகிறது. சிறுவன் பீம் வகுப்பில் தனியாக மூலையில் அதைப் போட்டு உட்கார வேண்டும். பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்கிற ஆள் அதைத் தொடமாட்டான் என்பதால் தினமும் வீட்டுக்குச் சுருட்டிக்கொண்டு போய் மறுநாள் கொண்டு வர வேண்டும். பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். இதைப் பெரிய நூல்களில் மேற்கோள் காட்டியே பழகிவிட்டோம். பையில் புத்தகமும் கையில் சாக்குமாக வீட்டுக்கு நடக்கிற பையனை எட்டு வயசுப் பிள்ளைக்குப் படமாகக் காட்டினால் போதாதா? 2011-இல் நவயானா வெளியிட்ட ‘பீமாயணா’வில் கோண்டு ஓவியர்கள் துர்காபாயும் சுபாஷ் வியாமும் அந்தத் தண்ணீரை வரைந்திருக்கிறார்கள். ஆனால் அது பெரிய பிள்ளைகளுக்கானது.

நம் முற்போக்கு வீடுகளில் எல்லாம் இருக்கிற ‘டோட்டோ-சான்’ நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-இல் ஜப்பானில் வந்தது. ரயில் பெட்டிகளில் நடக்கிற வகுப்பு, கடலிலிருந்து கொஞ்சம் மலையிலிருந்து கொஞ்சம் என்கிற மதிய உணவு, இதையெல்லாம் சொல்லிச் சொல்லி உருகுகிறோம். அதே நூலில் ஒரு கொரியப் பையன் வருகிறான், அவனைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. டோட்டோவைப் பார்த்து “கொரியக்காரி” என்று கத்துகிறான். ஊரார் தன்னைப் பார்த்து அப்படிக் கத்துவதால் அது ஒரு வசவு என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். டோட்டோவின் அம்மா அழுதுகொண்டே அதை மகளுக்கு விளக்குகிறாள். எங்கள் தெருவிலும் சின்னப் பிள்ளைகள் சண்டை வந்தால் எங்கள் சாதிப் பேரையே ஒருவரை ஒருவர் வசவாகச் சொல்லிக்கொள்வதைப் பார்க்கிறேன். எங்கிருந்து கற்றுக்கொண்டார்கள்? ஜப்பானியப் பிள்ளைக்குச் சொல்ல முடிந்தது நம் பிள்ளைகளுக்கு மட்டும் கடினமாகிவிடுகிறது.

மகாஸ்வேதா தேவியின் மொய்னா சபரப் பழங்குடிச் சிறுமி. பாபு வீட்டு ஆடு மேய்க்கிறாள். மிச்சச் சோற்றை நான் ஏன் தின்ன வேண்டும் என்கிறாள். காலையில் ஆடு மேய்க்க வேண்டியிருக்கிறதே, பள்ளிக்கூட நேரத்தை ஏன் மாற்றக் கூடாது என்று கேட்கிறாள். அந்தக் குட்டிப் புத்தகத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்தைக் கேள்வி கேட்கிறது. நம் கதைகளில் எப்போதும் பள்ளிக்கூடம்தான் பிள்ளையைக் கேள்வி கேட்கும்.

இன்னொரு வகைக் கதையும் பெட்டியில் இருந்தது. அதில் எங்கள் பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை வருகிறது. கிழிந்த சட்டை, பென்சில் இல்லை. பக்கத்தில் இருக்கிற நல்ல பிள்ளை தன் பென்சிலை ஒடித்துப் பாதி கொடுக்கிறது. டீச்சர் தட்டிக் கொடுக்கிறார். யாரை? கொடுத்த பிள்ளையை. சாதி இருக்க வேண்டிய இடத்தில் ஏழ்மையை வைத்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. ஏழ்மைக்கு அரைப் பென்சில் போதும். துடைப்பம் இல்லாத கதையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க முடியவில்லை. இதைப் படிக்கிற எங்கள் பிள்ளை கதைக்குள் நுழைய ஒரே ஒரு வாசல்தான் வைத்திருக்கிறார்கள், கை நீட்டுகிற வாசல்.

நம் பக்கமும் குறை இருக்கிறது. நாம் வளர்ந்தவர்களுக்கு எழுதினோம். தன்வரலாறு எழுதினோம், வழக்குரைத்தோம். பிள்ளைகளுக்கு என்றால் தலைவர் வரலாறு, ‘படித்தால் உயரலாம்’, அதோடு சரி. ஹைதராபாத்தில் ‘அன்வேஷி’ தோழர்கள் 2008 வாக்கில் தலித், சிறுபான்மை, உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளின் வாழ்க்கையைக் கதைகளாக்கித் தெலுங்கிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கொண்டு வந்தார்கள். தமிழில் நாம் செய்தது சொற்பம். அவமானத்தை மட்டும் எழுதச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் பல் விழுகிறது, பென்சில் தொலைகிறது, டீச்சர் வராத நாளில் அவர்களும் குதிக்கிறார்கள். குதிக்கிற தரையை யார் கூட்டியது என்பதும் கூடவே தெரிகிற கதையைக் கேட்கிறேன்.

படிப்பகத்தில் ஆளுக்கொரு கதை எழுதச் சொன்னோம். அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஐந்து வரி எழுதினாள்.

‘எங்க கிளாசுல ரெண்டு தொடப்பம் இருக்கு. ஒன்னு நான் எடுப்பேன். ஒன்னு என் தங்கச்சி எடுப்பா. நாங்க கூட்டும்போது மத்தவங்க வெளிய ஓடிப் புடிச்சு வெளையாடுவாங்க. கூட்டி முடிச்சா பெல் அடிச்சிரும்.’

நான் செய்த முதல் காரியம் ‘தொடப்ப’த்தைத் ‘துடைப்பம்’ என்று திருத்தியது. பிறகு வெட்கப்பட்டு அடித்துவிட்டுப் பழையபடி எழுதினேன். அந்த நண்பரிடம் காட்டினேன். நெகிழ்ந்துதான் போனார். கடைசியில் ஒரு வரி சேர்க்கலாமே என்றார்: மறுநாள் எல்லாரும் சேர்ந்து கூட்டினார்கள். அவளிடம் கேட்டேன். “அப்பிடி நடக்கலியே பெரியப்பா” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நடந்தா எழுதுறேன்” என்றாள்.

பதினோரு கதை சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளே படம் போட்டார்கள். ஜெராக்ஸ் எடுத்துத் தைத்து நூறு பிரதி போடுவதாக ஏற்பாடு. அட்டையில் எழுதியவர்கள் பெயரெல்லாம் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். எங்கள் பிள்ளைகள் பெயர் ஒரு புத்தக அட்டையில் வருவது லேசான விஷயமா? பெயர்ப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எம் பேரு போட வேணாம் பெரியப்பா. டீச்சர் பாப்பாங்க.”

பட்டியலில் பத்துப் பெயர் இருக்கிறது. பதினோராவது இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். அவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.